மூன்றாவது பொட்டலம்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் வாசிப்பவர்களுக்குச் சிரமமாம். அதனால் என் பேச்சுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துத்தான் காகிதத்தில் உட்கார வைக்கிறாள். வைக்கட்டும். எதையும் குறைக்காமல் இருந்தால் சரி. குறைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை என்பதால், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறாள்.

எங்கள் வீடு அக்காள்மடத்தில், ராமேசுவரம் போகிற ரோட்டிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் ஒரு தகரக் கொட்டகை. முழங்கால் ஒத்துழைத்த காலம் வரைக்கும் நான் பாசி எடுத்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கிற பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. விரல் அறுபடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வோம், சுற்றினாலும் அறுபடும். அந்தப் பாசியைக் காயப்போட்ட கொட்டகைதான் இது. இப்போது பாசிக்குப் பதில் பிள்ளைகள் காய்கிறார்கள். பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு, என்னோடு வந்து தங்கிக் காலேஜ் சீட்டுக்காகக் காத்திருந்த நாளில், தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டி வைத்து டியூசன் நடத்த ஆரம்பித்தாள். சாயங்காலமானால் ஒரே இரைச்சல். எனக்கு அது பிடிக்கும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் மிக்சியைத் தவிர வேறெதுவும் சத்தம் போட்டதில்லை.

போன ஜூலை மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா வந்தது. அதில் பிள்ளைகள் பட்டிமன்றம் பேச வேண்டும். ‘மனிதனை வாழ வைப்பது கடலா? வயலா?’ என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். கொட்டகையில் அதற்குத்தான் பயிற்சி. நான் ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை ஒரு சாக்கு. எனக்கு வேடிக்கை பார்க்க வேண்டும்.

கடல் கட்சிக்கு நாலு பேர், வயல் கட்சிக்கு நாலு பேர் என்று பிரித்தாகிவிட்டது. ஒன்பதாவதாக ஒரு பெண் பிள்ளை மிஞ்சினாள். ஆறாவது படிக்கிறாள். மூக்கு எப்போதும் ஒழுகும், வாய் அதைவிட.

"அக்கா, நான் எந்தக் கட்சி?"

"ஒனக்கு எது புடிக்குதோ அதுல பேசு புள்ள."

"எங்கப்பா கடலுக்கும் போகல, வயலுக்கும் போகல. ஆட்டோ ஓட்டுறாரு. எங்கள வாழ வைக்கிறது ஆட்டோதான். ஆட்டோ எந்தக் கட்சி?"

மற்ற எட்டும் ஓவென்று சிரித்தன. ஒரு பையன் எழுந்து, "எங்கம்மா எறா உரிக்கப் போகுது. அதனால நாங்க கடலு" என்றான். இவள் விடவில்லை.

"ஏலே, அது கடல்ல புடிச்ச எறா இல்ல. பண்ணையில வளத்தது. முந்தி வயலா இருந்த எடத்துல தண்ணிய விட்டு வளத்தது. அது கடலா, வயலா? சொல்லு பாப்போம்."

அவன் பேத்தி முகத்தைப் பார்த்தான். பேத்தி கையிலிருந்த சாக்பீசைக் கீழே வைத்தாள். தலைப்பை மாற்றிக் கேட்கப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் கால்மடக்கிக் கீழே உட்கார்ந்தாள்.

"இவ கேக்குறதுதான் சரியான கேள்வி. எல்லாரும் கேட்டுக்கங்க. இதுக்குள்ள ஒரு ஏமாத்து வேலை இருக்கு. ஒருத்தரு ஒங்ககிட்ட வந்து ரெண்டு கையையும் நீட்டுறாரு. இதுவா அதுவா, ரெண்டுல ஒன்னு எடுங்கறாரு. நீங்க உடனே எத எடுக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா, அவரு ஜெயிச்சிட்டாரு. ஏன் தெரியுமா? ரெண்டே ரெண்டுதான் இருக்குன்னு ஒங்கள நம்ப வச்சிட்டாரு. அதனால எது வேணும்னு அப்புறமா யோசிங்க. மொதல்ல, இவ்வளவுதானான்னு கேளுங்க."

"கேட்டா அடிப்பாங்கக்கா" என்றான் எறால் வீட்டுப் பையன்.

"எங்கம்மா தெனம் கேக்கும்," என்றாள் இன்னொருத்தி. "இட்லி திங்கிறியா, அடி திங்கிறியா?"

"அதுல மூணாவது என்ன?"

"புரோட்டா!" என்று ஒன்பது வாயும் சேர்ந்து கத்தின.

எனக்குக் கீரையோடு சேர்ந்து காம்பும் சட்டிக்குள் போனது. அவ்வளவு சிரிப்பு. பிள்ளைகளுக்கு வேகம் வந்துவிட்டது. தங்கள் வீட்டில், கடையில், பள்ளிக்கூடத்தில் யார் யார் இப்படி இரண்டை நீட்டினார்கள் என்று கொட்டித் தீர்த்தார்கள். "எங்க சார் கேப்பாருக்கா, நீ முட்டாளா, இல்ல முட்டாள் மாதிரி நடிக்கிறியான்னு" என்றான் ஒருத்தன். "அதுக்கு மூணாவது பதில் என்னடா?" என்று பேத்தி கேட்டாள். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மெதுவாக, "சார் சொல்லிக் குடுத்தது வெளங்கலங்கறதுதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம்.

மூக்கொழுகி மட்டும் இன்னும் சந்தேகத்தோடு இருந்தாள். "மழை பெய்யும். இல்லன்னா பெய்யாது. இதுல மூணாவது எங்கன இருக்கு?"

"அது நெசமாவே ரெண்டுதான். எல்லா ரெண்டும் ஏமாத்து இல்ல. வேற வழி இருக்கப்ப அத மறைச்சு வச்சிட்டு ரெண்ட மட்டும் காட்டுறாங்க பாரு, அதுதான் ஏமாத்து."

"தூத்தல் போட்டா?"

தூற்றல் மழையா மழை இல்லையா என்று கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். எங்கள் ஜில்லாவில் தூற்றலையும் மழை என்றுதான் சொல்வோம், வேறு கதி இல்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கினால் எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தினமும் ஏதாவது விளங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு இது தீபாவளி மாதிரி. "நான் ஒன்னு காட்டுறேன், இங்கன வாங்க" என்று எழுந்தேன். வாசலில் பூவரச மரம் இருக்கிறது. இரண்டு இலை பறித்தேன். ஒன்றில் சிவப்பு அரளிப்பூ, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை வைத்து மடித்து, வாழைநாரால் கட்டினேன். இரண்டும் பார்க்க ஒன்று போல இருந்தன. குலுக்கித் தரையில் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. ஒரு காரியம் குழப்பமாக இருந்தால், அம்மன் கோயிலில் இப்படி இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போடுவோம். சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். சிவப்பு வந்தால் ஒரு முடிவு, வெள்ளை வந்தால் ஒரு முடிவு. அது சாமி வாக்கு. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது.

"ஒரு வீட்டுல ஒரு பொண்ணு," என்று ஆரம்பித்தேன். "அவளுக்கு ரெண்டு முறைமாப்பிள்ளை. ஒருத்தன் அத்தை மகன், வள்ளம் இருக்கு. இன்னொருத்தன் தாய்மாமன் மகன், வயல் இருக்கு. யாருக்குக் குடுக்குறதுன்னு சண்டை. பூக்கட்டிப் பாத்தாக. வெள்ளை வள்ளத்துக்கு, செவப்பு வயலுக்கு. செவப்பு வந்துச்சு. வயலுக்குப் போயிட்டா."

"அந்தப் பொண்ணு எது கேட்டா?" என்றாள் மூக்கொழுகி.

"அவள யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"டீச்சர் ட்ரெய்னிங் படிக்கணும்னு இருந்தா."

"அப்ப மூணாவது பொட்டலம் கட்டிருக்கலாம்ல அம்மாச்சி?"

"சாமிக்கு ரெண்டுதான் வழக்கம்."

"சாமியா சொல்லுச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "சரி, பொட்டலம் கட்டுனது யாரு?"

"அய்யய்யோ, கீரை அடிப்பிடிக்குது" என்று உள்ளே வந்துவிட்டேன். கீரையை நான் இன்னும் அடுப்பில் வைக்கவே இல்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

பொட்டலம் கட்டியது நான். அந்தப் பெண் என் மகள்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்திவிட்டாள். பொட்டலம் கட்டியது நான் என்பது அவளுக்குத் தெரியும். இனிமேல் நான் சொல்லப் போவது தெரியாது. எழுது என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறாள்.

நான் பிறந்தது திருவாடானைப் பக்கம். வயல், கண்மாய், கருவேலங்காடு. உப்புத் தண்ணீரை நான் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். இங்கே கொண்டுவந்து விட்டார்கள். முதல் வருஷம் முழுக்கக் காதில் அலைச்சத்தம், தூக்கமே இல்லை. பொங்கலுக்கு ஒரு தடவை, யாராவது செத்தால் ஒரு தடவை, அவ்வளவுதான் பிறந்த வீடு. அய்யா செத்த பிறகு அண்ணன் வீடாகிவிட்டது. அண்ணன் கூப்பிடுவார், மதினி கூப்பிட மாட்டாள். போய் நின்றால், எப்ப கிளம்புவீக என்று காபியோடு சேர்த்துக் கேட்பாள். அந்த வீட்டு வாசலில் உரிமையோடு கால் வைக்க எனக்கு ஒரு வழி வேண்டும். அண்ணன் மகனுக்கு என் மகளைக் கொடுத்தால், அது என் மகள் வீடு. வருஷத்துக்கு நாலு தடவை போகலாம். எங்கள் வயல் அரிசி திரும்ப என் பானைக்கு வரும். ரேசன் அரிசிச் சோற்றை இருபது வருஷம் தின்றவளுக்கு அந்த அரிசி வாசம் எப்படி இருக்கும் என்று சொல்லி விளங்க வைக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்கு அவர் அக்கா மகன்தான் பிடிக்கும். ஆனாலும் வாயைத் திறந்து சொல்லவில்லை. "அம்மன் என்ன சொல்லுதோ அதான்" என்றுவிட்டார். நல்ல மனுஷர். பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. அப்போது மகள் அடுப்படிக்குள் வந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மூணாவதா ஒன்னு கட்டும்மா. ரெண்டு பேரும் வேணாம், படிக்கட்டும்னு ஒரு பூ வையி" என்றாள். நான் சிரித்தேன். "சாமிகிட்ட ரெண்டுதான்டி கேக்க முடியும்" என்றேன். பிறகு கட்டினேன். வெள்ளைக்கு நாரைக் குட்டையாக நறுக்கினேன். சிவப்புக்கு ஒரு வால் விட்டேன், சுண்டுவிரல் நீளம். பூ எடுக்கப் போகிற ஐந்து வயதுப் பிள்ளை காதில், "வால் இருக்கறத எடு, முட்டாய் வாங்கித் தாரேன்" என்றேன். எடுத்தது. முட்டாயும் வாங்கிக் கொடுத்தேன்.

என் மகளை அங்கே யாரும் அடிக்கவில்லை. மருமகன் அடிக்கிற ஆள் இல்லை. கேட்கிற ஆளும் இல்லை. மாமியாருக்குக் காபி, மாட்டுக்குத் தவிடு, களத்துக்குச் சோறு என்று போனது. மழை பொய்த்த வருஷங்களில் வேலைக்கு ஆள் வைக்க முடியாமல் இவளே வயலில் இறங்கினாள். வாத்தியாரம்மாவாக வேண்டியவள். எனக்கு அரிசி மட்டும் தவறாமல் வந்தது. வெள்ளைச் சாக்கில், வாயைத் தைத்து, பஸ்ஸில் போட்டுவிடுவாள். ஒரு வார்த்தை சேர்ந்து வராது.

அவள் கணக்கில் தன்னைக் கொண்டுபோய்த் தள்ளியது இரண்டு பேரில் ஒருத்தர். ஒன்று சாமி, இல்லையென்றால் அவள் அப்பா. அப்பா ஏதோ செய்து சாமி பேரில் போட்டுவிட்டார் என்றுதான் அவளுக்குச் சந்தேகம். அம்மன் சொல்வதுதான் என்று முடித்துவிட்டவர் அவர்தானே, அவர் மனதில் இருந்தது அக்கா மகன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கோயிலுக்குப் போவதை விட்டாள். அப்பாவிடம் பேசுவதை விட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்து நடுவீட்டில் கிடந்தபோது, ஊரே அழுதது. என் மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பொம்பளைகள் என் காதில் வந்து, "என்னத்தா ஒம் மக இம்புட்டுக் கல்லா இருக்கா" என்றார்கள். எனக்குத் தெரியும் ஏன் என்று. நான் பிணத்தின் மேல் விழுந்து, சத்தம் போட்டு அழுதேன். அது பாதி அவருக்கு, பாதி என் வாயை அடைக்க.

பட்டிமன்றம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூக்கொழுகி மேடையில் ஏறி, கடலும் இல்லை வயலும் இல்லை, எங்களை வாழ வைப்பது ஆட்டோ, சில பேரை எறால் பண்ணை, சில பேரை யாருமே இல்லை என்று பேசியிருக்கிறாள். எந்தக் கட்சியிலும் சேராததால் அவளுக்கு மட்டும் பரிசு இல்லை. மற்ற எட்டுப் பேருக்கும் டிபன் பாக்ஸ். நடுவர் வழக்கம் போல, இரண்டும் இரண்டு கண்கள் என்று தீர்ப்புச் சொன்னாராம்.

அந்த வாரம்தான் மகளும் மருமகனும் வந்தார்கள். பேத்திக்கு ராமநாதபுரத்தில் காலேஜ் சீட்டு கிடைத்திருந்தது. செடிகொடிகளைப் பற்றிய படிப்பு. கடல்பாசியும் அதில் வருமாம். நான் விரலை அறுத்துக்கொண்டு பிய்த்ததைப் பற்றி இவள் மேசையில் உட்கார்ந்து படிக்கப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தேன். புதன்கிழமைக்குள் சேர வேண்டும். அவர்கள் வந்தது திங்கட்கிழமை காலை.

மருமகன் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அத்தை, ரெண்டு எடம் வந்துருக்கு. ஒருத்தன் நம்ம ஊர்லயே டிராக்டர் வச்சிருக்கான். இன்னொருத்தன் துபாய்ல. ரெண்டும் சொந்தம். எதுன்னு எனக்கு மட்டுப்படல. இங்கன உள்ள அம்மன்கிட்டயே கேட்டுருவோம்னு வந்தோம். எனக்குக் குடுத்த அம்மன், எம் மகளுக்குக் குடுக்க மாட்டாளா?"

"சீட்டு வந்துருக்கே மருமகனே."

"படிச்சுட்டு என்ன, கட்டிக்கிட்டுப் போற எடத்துல படிக்க வைக்கச் சொல்லுவோம். நீங்களே கட்டுங்க அத்தை. ஒங்க கை ராசியான கை."

பேத்தி மூலையில் தன் பைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் ஒன்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள். அப்பா முன்னால் ஒரு சொல் வரவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் வாசலுக்குப் போய் இலை பறித்தேன். மூன்று இலை. அரளி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று. மூன்றாவதற்கு அந்தப் பூவரசிலிருந்தே மஞ்சள் பூ ஒன்று. அடுப்படியில் உட்கார்ந்து கட்டினேன். இந்தத் தடவை நார் மூன்றும் ஒரே அளவு. எனக்கு மனதுக்குள் ஒரு பெருமைகூட வந்தது, பழையதைச் சரிக்கட்டிவிட்டேன் என்று. என்னைப் போல ஏமாந்த கழுதை உண்டா?

மகள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். செம்பைக் கையில் எடுத்தவள் கீழே பார்த்தாள்.

"என்னம்மா இது, மூணு?"

"ஒன்னு படிப்புக்கு. பூவரசம்பூ."

அவள் செம்பை வைத்துவிட்டாள். "இதே அடுப்படியில வச்சு நான் கேட்டேன்ல? சாமிகிட்ட ரெண்டுதான்டி கேக்க முடியும்னு சொல்லிச் சிரிச்சேல்ல? இப்ப சாமிக்கு மூணு எண்ணத் தெரிஞ்சிருச்சாக்கும்."

"அவளாவது படிக்கட்டும்டி."

"அவளாவதா? அப்ப என்னையப் போனாப் போறான்னு விட்டேன்னு சொல்லு." குனிந்து மஞ்சள் பூப் பொட்டலத்தை எடுத்தாள். நாரை இழுத்தாள். பூ தரையில் விழுந்தது. "எனக்கு வைக்காதத இவளுக்கு மட்டும் வைக்காத."

"ஒம் மகடி அவ."

"ஆமா. நான் யாரு மக?"

அவள் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வெளியே கேட்காத குரலில் பேசினாள். "ஒன்னே ஒன்னு கேக்குறேன். மழுப்பாம சொல்லு. என்னையக் கொண்டுபோய்த் தள்ளுனது சாமியா, எங்கப்பாவா? நெசமாவே சாமின்னா, இன்னைக்கும் அது சொல்றபடி ஆகட்டும், நான் வாயத் தொறக்கல. அப்பான்னா, செத்த மனுசன வஞ்சிட்டு வெளிய போயி நான் பேசிக்கிறேன். ரெண்டுல ஒன்னு சொல்லு."

இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். சாமி என்று சொல்லியிருக்கலாம், சாமி மறுத்துப் பேசாது. அப்பா என்று சொல்லியிருக்கலாம், அவரும் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் எனக்கு அரிசி வரும். அப்பா என்று சொன்னால் பேத்தியும் படிக்கப் போவாள், நானும் தப்பித்துக்கொள்வேன். அவ்வளவு சுலபம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷர் நடுவீட்டில் கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னொரு தடவை அவரைச் சாகடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"ரெண்டும் இல்ல" என்றேன்.

"அப்புறம்?"

"நான்."

அவளுக்கு விளங்கவில்லை. தரையில் கிடந்த நாரை எடுத்துக் காட்டினேன். இவ்வளவு நீளம் வால் விட்டேன், பிள்ளை காதில் சொன்னேன், முட்டாய் வாங்கிக் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வாய் எப்போதும் ஓடுகிற வாய். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் பாசி பிய்க்கிற மாதிரிப் பிய்த்துத்தான் எடுத்தேன்.

நாரை என் கையிலிருந்து வாங்கி, விரலில் வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சாகுற வரைக்குமா?"

"சாகுற வரைக்கும்."

"நான் அழுகலம்மா," என்றாள். "நடுவீட்டுல கெடந்தாரு. எல்லாரும் என்னைய அழுகச் சொன்னாக. நான் அழுகல."

நான் அவள் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"ஏன் செஞ்ச?"

"கடலுக்குப் பயந்துட்டேன்டி. ஒங்க பெரியப்பன் வள்ளம் ஆளில்லாம வந்து ஒதுங்குனத நான் பாத்தவ..."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. ஆனா அது மட்டும் இல்ல. எனக்கு எங்க ஊருக்கு வந்து போகணும்னு இருந்துச்சு. ஒன்னைய வச்சு வந்து போனேன்."

அவள் எழுந்தாள். மிச்சம் இருந்த இரண்டு பொட்டலத்தையும் அடுப்புக்குள் போட்டாள். பச்சை இலை புகைந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நடுவீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறாள், மருமகன் முன்னால் என் தலை உருளப் போகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பூவெல்லாம் வேணாம்," என்றாள் புருஷனிடம். "புதன்கெழமை இவளக் காலேஜுல சேக்கணும். நீங்க கூட வாரீகளா, இல்ல நான் மட்டும் கூட்டிக்கிட்டுப் போகவா? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

மருமகன் அவளைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. போகவே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது அவருக்குத் தோன்றவே இல்லை. "சரி, வாரேன்" என்றார். அம்மாவும் அதே ஏமாத்து வேலையைத்தான் செய்தாள் என்று பேத்தி பிறகு சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என்னைக் காட்டிக் கொடுக்காமல் போனது இரக்கமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்படித் தெரியவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மருமகனுக்கு, அம்மன் தனக்குக் கொடுத்தவள் இவள் என்று ஒரு நம்பிக்கை. அதையும் பிடுங்கிவிட்டால் அவள் வாழ்ந்த இருபது வருஷத்துக்கு என்ன பேர் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

பாறைமீன் குழம்பு வைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்கும். சாப்பிடாமல் போனார்கள். வாசலில் ஒரு வார்த்தை இல்லை, போயிட்டு வாரேன் என்றுகூட இல்லை. அவள் அப்பா படத்துக்கு முன்னால் மட்டும் நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது. அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் இருக்கும் பக்கம் திரும்பாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பேத்தி இப்போது காலேஜ் போகிறாள். காலையில் ஏழு மணி பஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறாள். அவள் வருவதற்கு முன்பே கொட்டகையில் ஒன்பது பேரும் வந்து காத்திருக்கிறார்கள். மூக்கொழுகி என்னை விடுவதில்லை. "அம்மாச்சி, அன்னைக்குப் பொட்டலம் யாரு கட்டுனான்னு நீ சொல்லவே இல்ல" என்றாள் போன வாரம், பேத்தி வந்து சேராத நேரத்தில். சொன்னேன். வாலையும் சொன்னேன், முட்டாயையும் சொன்னேன். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எறால் வீட்டுப் பையன், "அப்ப நீ கெட்டவளா அம்மாச்சி?" என்றான். மூக்கொழுகி அவன் தலையில் ஒன்று போட்டாள். "ஏலே, நல்லவளா கெட்டவளா ரெண்டுதானா? அக்கா சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சா?" என்றாள். எனக்காகப் பேசுகிறாள் பிள்ளை. இருந்தாலும் சில இடத்தில் இரண்டில் ஒன்று நெசமாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அரிசி வரவில்லை. ரேசன் அரிசிதான் வடிக்கிறேன். பேத்திக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் தொண்டையில் நிற்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேத்திக்குப் போன் போடுகிறாள். பேத்தி வேண்டுமென்றே சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைப்பாள். படிப்பு எப்படி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்பாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். நான் கீரையோ வெங்காயமோ வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். போனை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒன்று மட்டும் கேட்கிறாள்.

"அங்கன எல்லாரும் சாப்புட்டாச்சா?"

இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.